எச்சநெறி: முடியாத தெய்வங்களும் அவை தெளியும் வழிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்சநெறி ஒரு கற்பனைச் சமயம். நாலைந்து பேர் பாயை விரித்து உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதையாட்டத்துக்காக உண்டாக்கியது. கதை நடக்கும் பன்னிருகல் நாடும் கற்பனைதான். ஆனால் அதன் கரடும் ஆறும் கேழ்வரகுக் கொல்லையும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பார்த்து வரைந்தவை. இந்தச் சீமையின் பழைய பெயரான பாராமகாலில் ‘பாரா’ என்றால் பன்னிரண்டு. நாட்டின் பெயர் அங்கிருந்து வந்தது. புதிதாக ஆட வருகிறவர்களும், நாலு அமர்வு ஆடிவிட்டுக் குழம்பி நிற்கிறவர்களும் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

‘எச்சம்’ என்று ஏன் பெயர்? கேட்டாலே சிரிப்பு வருகிறதே.

சிரித்துவிட்டு வாருங்கள், காக்கை போடுவதும் எச்சம்தான். இங்கே எடுத்துக்கொண்டது பள்ளிக்கூடத்தில் படித்த வினையெச்சம். ‘வந்து’ என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், கேட்கிறவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். வந்து என்ன செய்தார்? இன்னொரு வினை வந்து முடித்துவைக்கும்வரை அந்தச் சொல் அந்தரத்தில் தொங்கும். இந்தச் சமயத்தின் தெய்வம் ஒவ்வொன்றும் அப்படித் தொங்கி நிற்கும் ஒரு வேலை. ஆகவே பெயர்களே வினையெச்சங்கள்: கடந்து, காத்து, ஊதி, அளந்து, மறந்து.

தெய்வத்துக்கே தெளிவு வேண்டுமா? அது பக்தனுக்கு அல்லவா வேண்டும்?

புதிதாக வருகிற எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. எச்சநெறியில் தெய்வம் மேலே உட்கார்ந்து வரம் கொடுப்பதில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டுச் செத்த மனிதர், அந்தப் பாதியால் கட்டுண்டு கல்லில் நிற்கிறார். மிச்ச வேலை முடிந்தால் கல்லை விட்டுப் போவார். அந்தப் போதலுக்குத்தான் ‘தெளிவு’ என்று பெயர். ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வைத்தால் வண்டல் அடியில் தங்கி மேலே தெளியுமே, அந்தத் தெளிவு.

அதனால் பக்தர் கேட்பவர் அல்ல, முடித்துக்கொடுப்பவர். நன்றாகக் கும்பிட்டால் சாமி போய்விடும் என்பதுதான் இந்தச் சமயத்தின் சங்கடம். ஊர் காக்கும் கல்லை விடவும் மனசில்லை, அதைக் கட்டிப்போட்டு வைக்கவும் மனசில்லை. ஆட்டத்தில் நல்ல சண்டைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் வெடிக்கும். ஊர்க்கவுண்டர் பாத்திரத்தை எடுப்பவர் தெளிவுக்கு எதிராக நின்றால் அவரை வில்லனாக ஆக்கிவிடாதீர்கள். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஐந்து தெய்வங்களும் யார், ஒவ்வொன்றுக்கும் எது பாக்கி?

கடந்து: பரிசல் ஓட்டிய தெய்வம். ஓகேனக்கல்லைப் போலப் பாறை இடுக்கில் ஆறு புகைந்து விழும் துறை அதன் இடம். (கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை.) வெள்ளத்தில் 12 பேரை அக்கரை சேர்க்க ஒப்புக்கொண்டு 11 பேரைச் சேர்த்தது. பன்னிரண்டாமவர் இன்னும் இக்கரையில் நிற்கிறார்.

காத்து: ஆநிரை மீட்கப் போய் விழுந்த தெய்வம். மாடுகள் வந்து சேர்ந்தன, ஒரு கன்று வரவில்லை. பேச்சுவழக்கில் ‘காத்து’ என்றால் காற்று என்பதால் பாதிப் பேர் இதை வாயு பகவான் என்று நினைத்துக்கொண்டு ஆடத் தொடங்குகிறார்கள். முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள். இதன் வழி இராக்காவல்: நாலு சாமம், சாமத்துக்கு மூன்று மணி நேரம். மூன்றாம் சாமத்தில்தான் தூக்கம் ஆளை அடிக்கும். கதை நடத்துபவர் கன்றின் மணிச்சத்தத்தை அந்தச் சாமத்தில் வைப்பது வழக்கம். கூட ஒரு நாயை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்மாதிரி கற்பனை அல்ல: செங்கம் பக்கம் எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலத்து நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது, ‘கோவிவன்’ என்ற அதன் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது.

ஊதி: இரும்பு உருக்கிய தெய்வம். உலை பாதி வெந்தபோது துருத்தி நின்றுபோனது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்காலச் சான்று கி.மு. 2172 வரை போவதாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. அந்தச் செய்தியின் வெப்பத்தில் பிறந்த தெய்வம் இது. உலையைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆடுங்கள். பழைய உலையில் இரும்பு தண்ணீராக ஓடாது. இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரியும் துருத்தியும் உள்ள மண் உலை அந்த அளவுக்கு ஏறாது. கசடுதான் உருகி வடியும், இரும்பு பஞ்சு மாதிரி கட்டியாக அடியில் தங்கும், அதைச் சூட்டோடு அடித்து அடித்துத்தான் கசடைப் பிழிவார்கள். துருத்தி நடுவில் நின்றால் கசடு உள்ளேயே உறைந்து கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். ஊதியின் பாக்கி அதுதான்: உறைந்துபோன ஒரு கட்டி, கல்லா இரும்பா என்று சொல்ல முடியாதபடி.

அளந்து: பஞ்சத்தில் கேழ்வரகு அளந்த தெய்வம். 12 வீட்டில் 11 வீட்டுக்கு ஒவ்வொரு படி. பன்னிரண்டாம் வீட்டுக்கு அரைப்படி அளந்தபோது உயிர் போனது. அரைப்படி பாக்கி.

மறந்து: எது பாக்கி என்பதையே மறந்துபோன தெய்வம். இதற்குத் தனிக் கேள்வி கீழே.

கடந்து ஆணா, பெண்ணா?

வினையெச்சம் காலத்தைக் காட்டும்; ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதைக் காட்டாது. ‘கடந்து’ என்ற சொல்லை வைத்து உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. அதனால் பன்னிருகல் நாட்டில் ஓர் ஊர் ‘அம்மா’ என்கிறது, அடுத்த ஊர் ‘அய்யா’ என்கிறது, இரண்டு ஊருக்கும் திருவிழாவில் கைகலப்பு. வினைமுற்று வரும்போதுதான் விடை தெரியும்: கொடுத்தான், கொடுத்தாள், கொடுத்தார், கொடுத்தது. ஆட்டத்தின் கடைசிப் படியே அந்த விகுதியைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது. அதுவரை கதை நடத்துபவர் ‘அது’, ‘தெய்வம்’ என்றே பேச வேண்டும். வாய்தவறி ‘அவள்’ என்று சொல்லிவிட்டால் துப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கூர்மையான பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

வேண்டுதலை எப்படிச் சொல்ல வேண்டும்?

எந்த வாக்கியமும் முடியக்கூடாது, அவ்வளவுதான் விதி. கேட்க எளிது, வாய்க்கு மிகக் கஷ்டம். மாதிரி:

“ஆறு பெருகி, இருட்டிக்கொண்டு வந்து, அக்கரை விளக்கும் அணைந்து, இக்கரையில் ஒருத்தி பிள்ளையோடு நின்று, நீ கடந்து…”

இங்கே நிறுத்தி, கையிலுள்ள துடுப்பையோ குச்சியையோ தரையில் ஒரு தட்டுத் தட்டினால் வேண்டுதல் ஆயிற்று. ‘காப்பாற்ற வேண்டும்’ என்றால் முற்று. ‘தா’ என்றால் ஏவல் வினைமுற்று. ‘வருவாயா?’ என்று கேட்டாலும் முற்றுதான். பலர் ‘வாழ்க’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அது வியங்கோள் வினைமுற்று, செல்லாது. ‘நீயே துணை’ என்பதில் வினையே இல்லையே என்று வாதாடுவார்கள். பெயரே பயனிலையாக நின்று வாக்கியத்தை முடித்துவிட்டது, அதுவும் செல்லாது. ‘வந்தால்’, ‘வர’, ‘வராமல்’ மூன்றும் எச்சங்கள், தாராளமாகச் சொல்லலாம். ‘வந்த’ என்று பெயரெச்சத்தில் நிறுத்தினால் வேண்டுதல் தெய்வத்துக்குப் போகாது, செத்துப்போன உறவினர் யாராவது ஒருவர் வந்து நிற்பார். சில குழுக்கள் இதை வேண்டுமென்றே செய்கின்றன. தாத்தாவிடம் விசாரிக்க வேறு வழி இல்லாதபோது நல்ல உத்தி.

தெளிவுக்கு எத்தனை படிகள்?

ஆறு. பெயர்கள் தொல்காப்பியத்தில் நடுகல் எடுப்பதற்குச் சொன்னவை: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. பொருளை ஆட்டத்துக்கு ஏற்ப மாற்றியிருக்கிறோம். தொடக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் 12 புளியங்கொட்டை போட்டு நடுவில் வைக்கவும். தெய்வத்தின் பாக்கி அது. ஒரு படி முடிந்தால் இரண்டு கொட்டையை வெளியே எடுக்க வேண்டும்.

காட்சியில் கல்லைக் கண்டுபிடித்து, எது பாக்கி என்று அறிவது. மூன்று சாட்சி வேண்டும்: வயதானவர் ஒருவர், ஓர் இடம், ஒரு பொருள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் போதும். மூன்றும் அச்சாக ஒத்துப்போனால் யாரோ பொய் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

கால்கோளில் ஒருவர் கல்லின்முன் வலது காலை ஊன்றி வேலையை ஏற்கிறார். ஏற்றவர் ஒருவர்தான், மற்றவர்கள் துணை. அவர் ஒரு அமர்வுக்கு வராவிட்டால் படி நகராது. ஆகவே ஒழுங்காக வருகிற ஆளைக் கால் ஊன்றச் சொல்லுங்கள்.

நீர்ப்படையில் கல்லைக் கழுவுவது. ஆடுபவர் ஒவ்வொருவரும் அந்தத் தெய்வத்தைப் பற்றித் தம் பாத்திரம் நம்பிய ஒரு பொய்யைச் சொல்லி, ஒரு கை தண்ணீர் ஊற்ற வேண்டும். குழு அவசரப்பட்டுத் தாண்டும் படி இது. தாண்டினால் பின்னால் வாழ்த்தில் தப்பான விகுதி வருவது அனேகமாக உறுதி, ஏனென்றால் ‘அம்மா’ என்று ஊர் சொன்னதைக் கழுவாமலே கொண்டு வந்திருப்பார்கள்.

நடுதல்: கல்லை வேலை நின்ற இடத்தில் நிறுத்துவது. வசதியான இடத்தில் அல்ல. அளந்துவின் கல்லைக் களத்தில் நட்டுவிட்டுக் காத்திருந்த குழுக்கள் உண்டு. அது நின்றது பன்னிரண்டாம் வீட்டு வாசலில்.

பெரும்படையில் பாக்கி வேலையைச் செய்து, படையல் போடுவது. வாழ்த்தில் முற்றுச்சொல்லைச் சொல்வது.

முதல் மூன்று படிகளுக்குத் தேய்த்த கொட்டை நாலை உருட்டி இரண்டு வெள்ளை வர வேண்டும். நடுதலுக்கும் பெரும்படைக்கும் மூன்று வெள்ளை. வாழ்த்துக்கு உருட்டல் கிடையாது.

உருட்டும் கொட்டையை எப்படிச் செய்வது? கடையில் வாங்கிய தாயக்கட்டை ஆகாதா?

ஆகும், ஆனால் புளி மண்டி நிறைந்த தருமபுரியில் காசு கொடுத்துக் கட்டை வாங்குவானேன்? ஒரே அளவு, கொஞ்சம் தட்டையான கொட்டை ஆறு பொறுக்குங்கள். நாலு ஆட்டத்துக்கு, இரண்டு கைகாவலுக்கு. ஊற வைக்கக் கூடாது, உப்பிவிடும். காய்ந்த கொட்டையைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையிலோ பாறையிலோ ஒரு பக்கம் மட்டும் தேய்க்கவும். சூடேறும், விரலை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். பழுப்புத்தோல் போய் வெள்ளை முழுதாகத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அழகு பார்த்து மேலும் தேய்த்தால் அந்தப் பக்கம் சமமாகி, கொட்டை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளை எப்போதும் கீழே போகும்.

சோதிக்க, ஒவ்வொரு கொட்டையையும் தனியாக 40 முறை உருட்டி எண்ணுங்கள். வெள்ளை 14 முதல் 26 வரை வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியே போனால் கொட்டாங்குச்சிக்கு அனுப்பிவிடுங்கள். கொட்டைகள் நேர்மையாக இருந்தால் நாலில் இரண்டோ அதற்கு மேலோ வெள்ளை விழ 16-க்கு 11 வாய்ப்பு. மூன்றோ அதற்கு மேலோ விழ 16-க்கு 5 தான். இந்த 5 வேண்டுமென்றே குறைவாக வைத்தது. பாத்திரம் அந்த அமர்வில் உருப்படியாக ஒரு காரியம் செய்திருந்தால், விழுந்த கறுப்பில் ஒன்றைத் திருப்பிக்கொள்ளலாம். வாய்ப்பு 11 ஆகிவிடும். இரண்டு காரியம் செய்தவர்களுக்கு 15. உருட்டலை நம்பி உட்காராமல் வேலையைச் செய் என்பதற்காக இந்தக் கணக்கு.

நாலும் கறுப்பாக விழுந்தால் தெய்வம் ஒரு படி பின்னால் போகும், இரண்டு கொட்டையைத் திரும்பப் போட வேண்டும்.

பரிசல் ஓட்டும் காட்சியை எப்படி ஆடுவது? எல்லாரும் படகு மாதிரியே சொல்கிறார்கள்.

பரிசல் படகு அல்ல. மூங்கில் பின்னிய வட்டக் கூடை, அடியில் முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரு பக்கமாகத் துடுப்பு போட்டால் முன்னே போகாமல் நின்ற இடத்தில் சுற்றும். ஓட்டுகிறவர் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, முன்னால் உள்ள தண்ணீரை இடமும் வலமுமாகத் தம்மை நோக்கி இழுப்பார். ஆட்டத்தில் ஓட்டுபவரைக் கேளுங்கள்: எந்தப் பக்கம் உட்கார்ந்தாய், மற்றவர் எங்கே? கனம் ஒரு பக்கம் சேர்ந்தால் விளிம்பு தாழும், தண்ணீர் ஏறும். ஒருவர் எழுந்து நின்றால் அத்தோடு கதை முடிந்தது.

கடந்துவின் பெரும்படை ஆளில்லாமல் திரும்பும் பரிசலில்தான் நடக்கிறது. 11 பேரை விட்டுவிட்டு வெறும் பரிசலோடு இக்கரைக்கு வரும் வழி. கனமில்லாத பரிசலை நீரோட்டம் எளிதாக அடித்துப் போகும். தெய்வம் செத்தது அந்தத் திரும்பும் வழியில். பன்னிரண்டாமவரை ஏற்றிக்கொண்டு போகும் காட்சியை விரிவாக ஆடிவிட்டு, அதற்கு முந்திய வெறும் பயணத்தை ஒரு வரியில் தாண்டுபவர்கள் மையத்தையே விட்டுவிடுகிறார்கள்.

அளந்துவின் படையலுக்கு நிஜமாகவே களி கிண்ட வேண்டுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் கிண்டினால் அந்த அமர்வு மறக்காது. ஐந்து பேருக்கு அளவு: ராகி மாவு 2 டம்ளர், புழுங்கலரிசி நொய் அரை டம்ளர், தண்ணீர் 6 டம்ளர், உப்பு. தண்ணீர் கொதித்ததும் ஒரு டம்ளரை மொண்டு தனியே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் நொய்யைப் போட்டு நன்றாகக் குழைய விடவும். பிறகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிண்டாமல், கோலால் நடுவே ஒரு குழி மட்டும் போட்டு, தீயைக் குறைத்து, மூடி 5 முதல் 7 நிமிடம் விட வேண்டும். குழி வழியாக ஆவி மேலே வந்து மாவை வேக வைக்கும். அதன்பின் இறக்கி, பாத்திரத்தைக் காலால் அணை கொடுத்து அழுத்திக் கிண்டுங்கள். இறுகினால் எடுத்து வைத்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவும். மாவைக் கொட்டியதும் அவசரப்பட்டுக் கிண்டுவதுதான் எல்லாருடைய தவறும்: வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாகக் கட்டி நிற்கும், எத்தனை நேரம் கிண்டினாலும் உடையாது. ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம்.

உருண்டை பிடிக்கும்போதுதான் சடங்கு. ஐந்து பேருக்கு நாலு உருண்டையும் ஓர் அரை உருண்டையும் பிடிக்க வேண்டும். அரை உருண்டை யாருக்கு வருகிறதோ, மற்றவர்கள் தம் உருண்டையிலிருந்து கிள்ளிக் கொடுத்து அதைத் தம் உருண்டைக்குச் சமமாக்குவார்கள். இங்கே ஒரு கண்டிப்பு: தலைதட்டித்தான் அளக்க வேண்டும். படியைத் தலைதட்டி அளப்பதும் கோபுரமாகக் குவித்து அளப்பதும் வேறு வேறு. பாக்கி அரைப்படி என்றால் அரைப்படிதான், அதாவது இரண்டு உழக்கு. பாசத்தில் கூடுதலாகக் கிள்ளிப்போட்டு அந்த உருண்டை மற்றதைவிடப் பெரிதானால், பன்னிரண்டாம் வீடு இப்போது ஊருக்குக் கடன்பட்டுவிட்டது என்று பொருள். ஒரு எச்சத்தை முடிக்கப் போய் இன்னொன்றை உண்டாக்கியாயிற்று. ஒரு கொட்டை உள்ளே போகும். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலா அவரைக்காய்க் குழம்பா என்பதில் நெறிக்குக் கருத்தில்லை.

முற்றுச்சொல் என்றால் என்ன? ‘கடந்தாள்’ என்றால் முடிந்ததா?

முடியாது. ‘கடந்து’ என்பதை முடிப்பது இன்னொரு வினை. கடந்து வந்ததா, கடந்து போனதா, கடந்து நின்றதா? ஒவ்வொன்றும் வேறு கதை. ‘வந்தாள்’ என்றால் தெய்வம் நம் பக்கக் கரையில் இருக்கிறது. ‘போனாள்’ என்றால் அக்கரையில். குழு கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு: எந்த வினை, எந்த விகுதி. கதை நடத்துபவர் ஆட்டம் தொடங்கும் முன்பே அதை ஒரு சீட்டில் எழுதி, மடித்து, கொட்டாங்குச்சியின் அடியில், கொட்டைகளுக்குக் கீழே வைத்துவிட வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது. விடைப்பட்டியல் வெளியிடச் சொல்லிக் கேட்கிறார்கள். பொது விடை என்று ஒன்று கிடையாது, குழுவுக்குக் குழு வேறு.

அவசரப்பட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டால்?

அதற்கு ‘முந்திமுற்று’ என்று பெயர். வேண்டுதலில் வாய்தவறி வாக்கியத்தை முடிப்பது சின்ன முந்திமுற்று: ஒரு கொட்டை உள்ளே. வாழ்த்துக்கு முன்பே தெய்வத்தின் வினையை முடித்துச் சொல்வது பெரியது. தெய்வம் அதை நம்பிவிடும். ‘கடந்து வந்தார்’ என்று யாராவது நீர்ப்படையிலேயே சொல்லிவிட்டால், எல்லாரும் கரை சேர்ந்தாயிற்று என்று தெய்வம் எடுத்துக்கொள்கிறது. இக்கரையில் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். மூன்று அமர்வுக்கு ஆடுபவர்களுக்கும் தெரியமாட்டார். அவர் குரல் மட்டும் கேட்கும். தண்டனை என்று இதை நடத்தாதீர்கள். நன்றாக நடத்தினால் ஆட்டத்தின் சிறந்த மூன்று அமர்வுகள் இவையாக அமையும்.

மறந்துவின் வழியை யாரும் முடித்ததாகத் தெரியவில்லையே. முடியக்கூடியதுதானா?

முடியும், உருட்டலால் முடியாது. இதற்குக் கல் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் உண்டு: பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல், பக்கவாட்டுக் கல்லில் வட்டமான இடுதுளை. மறந்துவின் கோயில் அந்த வடிவம். துளை வழியாகப் பார்த்தால் உள்ளே வெறுமை.

பாக்கி எது என்று யாருக்கும் தெரியாததால் காட்சியிலேயே ஆட்டம் நின்றுவிடும். பெரும்பாலான குழுக்கள் ‘மறந்து போனார்’ என்ற முற்றைச் சொல்லிப் பார்க்கும். அது நாக்கில் தயாராக இருக்கும் சொல், அதனாலேயே பொறி: மறதியை உறுதிப்படுத்துகிறது, 12 கொட்டை 24 ஆகிறது. கதை நடத்துபவருக்கு ஒரு குறிப்பு மட்டும் தரலாம். மற்ற நாலு தெய்வங்களின் கதையிலும் ஓர் ஆள் குறைகிறார், கவனித்தீர்களா? பன்னிரண்டாம் பயணி, கன்று மேய்த்த சிறுவன், துருத்தியின் மறுபக்கம் மிதித்தவர், பன்னிரண்டாம் வீட்டுக்காரர். இவர்கள் நாலு பேரா, ஒருவரா என்று உங்கள் குழு முடிவு செய்யட்டும். அதனால்தான் மறந்துவைக் கடைசியில் எடுக்கச் சொல்கிறோம்.

ஆடுபவரின் பாத்திரத்துக்கு என்ன கிடைக்கும்?

ஒவ்வொருவரும் தொடக்கத்தில் தம் பாத்திரத்தின் சொந்த எச்சத்தை ஒரே வரியில் எழுதி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘அன்பாக வாழ்ந்து’ போன்றவை உதவாது, எங்கே முடியும் என்று யாருக்குத் தெரியும்? ‘அக்கா கொல்லையில் மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டி’ என்று எழுதினால் கதை தானாக வளரும். ஒட்டு பிடித்ததா, கட்டை அவிழ்த்தது யார், அக்காவோடு என்ன சண்டை?

தெய்வம் தெளிந்த நாளில் அவரவர் சீட்டை வெளியே எடுக்கலாம். முடித்துவிட்டவர் பாத்திரம் தெளிந்தது. இனி அது செத்தாலும் கல் ஆகாது. முடிக்காமல் செத்தவர் அடுத்த ஆட்டத்தின் தெய்வம். புதிய தெய்வங்கள் இப்படித்தான் பிறக்கின்றன, பட்டியலில் நாங்கள் சேர்ப்பதில்லை.

தெளிந்த தெய்வத்தின் கல் வெறும் கல். ஊர்க்காரர்கள் அதைத் துணி துவைக்க எடுத்துக்கொள்வார்கள், தடுக்கக் கூடாது.

எங்கள் ஊர் எல்லையில் உண்மையான நடுகல் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஆடலாமா?

வேண்டாம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் பல வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் கும்பிடப்படுகின்றன. அது மக்களின் வழிபாடு, நமது ஆட்டம் அல்ல. போய்ப் பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள்: கீழே வில்லும் வாளுமாக வீரன், காலருகே மாடு, சில கற்களில் அவனை மேலே அழைத்துப்போகும் பெண்கள், பழைய கற்களில் வட்டெழுத்து. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ தடவக்கூடாது, ஆணியால் சுரண்டவே கூடாது. கொல்லையில் சாய்ந்து கிடக்கும் கல்லைக் கண்டால் நகர்த்தாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். நிதானமாக அருகில் நின்று பார்க்க தருமபுரி அகழ்வைப்பகமும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகமும் உண்டு. ஆட்டத்துக்கு ஒரு செங்கல் போதும்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

கதை நடத்துபவரைச் சேர்த்து ஐந்து பேர். ஒரு படிக்கு ஓர் அமர்வு, மூன்று மணி நேரம். ஏழு பேருக்கு மேல் போனால் நீர்ப்படை இழுத்துவிடும்.

பாதியில் ஆட்டம் நின்றுபோனால்? ஒருவர் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டார், ஒருவருக்குக் கல்யாணம்.

கொட்டாங்குச்சியில் மிச்சமுள்ள கொட்டையை எண்ணாமல், அடியிலுள்ள சீட்டைப் பிரிக்காமல், மேலே ஒரு துணி கட்டி, தெய்வத்தின் பெயரையும் கால் ஊன்றியவரின் பாத்திரப் பெயரையும் எழுதி வையுங்கள். கொட்டையில் வண்டு விழாமல் இருக்க இரண்டு வேப்பிலை போடலாம். அடுத்த குழு அதை அவிழ்த்து, இருக்கிற எண்ணிக்கையிலிருந்து தொடங்கும். கால் ஊன்றியவரை ஊர் தேடிக்கொண்டிருப்பதாகக் கதையை எடுக்கலாம். மழைநாளில் யாராவது அந்தக் கொட்டையை வறுத்துத் தின்றுவிட்டால் மட்டும் 12-லிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.